ஸ்டார்செக்டரில் நெக்செரெலின்: போரும் ராஜதந்திரமும் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டார்செக்டர் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை மோட் (ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல்) எதுவும் போடாமல் எத்தனை நூறு மணி நேரம் ஆடினாலும் வரைபடத்தின் நிறம் மாறாது. ஜங்காலா கோள் ஹெஜமனி என்ற தரப்பிடம்தான் இருக்கும். சிந்த்ரியா கோள் டிக்டாட் என்ற தரப்பிடம்தான் இருக்கும். ஒரு கோளைக் கொள்ளையடிக்கலாம், மனம் கல்லானால் குண்டு போட்டே அழிக்கலாம். ஆனால் பிடித்து ஆள முடியாது. நெக்செரெலின் என்ற மோட் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. தரப்புகள் தாமாகவே போர் அறிவிக்கும், களைத்துப்போய் சமாதானம் பேசும், கூட்டணி சேரும், கோள்களைப் பிடிக்கும், இழக்கும். நீங்கள் ஏதோ ஒரு மூலையில் இடிபாடுகளைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இது கோள் பிடிக்கும் மோட் என்று நினைத்துக்கொண்டு பிடிப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். பிடிப்பது இதில் சுலபமான பாதி. பிடித்ததைத் தக்கவைப்பதும், தொடங்கிய போரை உரிய நேரத்தில் நிறுத்துவதும்தான் கடினமான பாதி. இந்த வழிகாட்டியில் அந்தப் பாதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: நிறுவுவது

ஸ்டார்செக்டர் ஸ்டீமில் கிடையாது. அலெக்ஸ் மொசொலோவின் ஃபிராக்டல் சாஃப்ட்வொர்க்ஸ் தன் சொந்தத் தளத்திலேயே விற்கிறது. (பழைய பெயர் ஸ்டார்ஃபேரர், 2012-இல் பெயர் மாறியது.) அதனால் ஸ்டீம் வொர்க்ஷாப்பில் ஒரு பட்டனை அழுத்தி மோட் போடும் வசதி இங்கே இல்லை, எல்லாம் கைவேலை. நெக்செரெலினின் மூலம் ஜஃபைடு என்பவர் எழுதிய எக்சரெலின். அதை ஹிஸ்டிடின் என்ற புனைபெயர்க்காரர் எடுத்து வளர்த்ததுதான் இன்று நாம் ஆடும் வடிவம்.

நெக்செரெலினோடு லேசிலிப், மேஜிக்லிப் என்ற இரண்டு துணை மோட்களும் வேண்டும். மூன்று ஜிப் கோப்புகளையும் இறக்கி, ஆட்டம் இருக்கும் ஃபோல்டருக்குள் உள்ள மோட்ஸ் ஃபோல்டரில் விரித்துவையுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ஜிப் கோப்புகள் விரியும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராகப் போய் உட்கார்ந்துவிடும். மோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் நெக்செரெலின், அதைத் திறந்தவுடனே மோட் இன்ஃபோ கோப்பு தெரிய வேண்டும். இடையில் இன்னொரு ஃபோல்டர் இருந்தால் லாஞ்சர் அந்த மோடைப் பார்க்கவே பார்க்காது. பிறகு லாஞ்சரில் மோட்ஸ் பட்டியலைத் திறந்து மூன்றையும் டிக் செய்யுங்கள்.

ஆட்டத்தின் பதிப்பும் மோடின் பதிப்பும் பொருந்த வேண்டும். 2025 மார்ச்சில் 0.98ஏ வந்தபோது பலர் பழைய மோட்களோடு அதைத் திறந்து, முதல் திரையிலேயே ஆட்டம் நின்றுபோய்த் தவித்தார்கள். ஆட்டம் புதுப்பிக்கப்பட்டால் மோட்களும் வந்துசேரும்வரை பழைய ஃபோல்டரை அழிக்காமல் வைத்திருங்கள்.

நினைவகம் பற்றி ஒரு சொல். ஆட்டம் ஜாவாவில் எழுதப்பட்டது. எவ்வளவு ராம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை விஎம்பாராம்ஸ் என்ற சின்னக் கோப்பு முடிவு செய்கிறது. அதில் எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் இரண்டையும் 4 ஜிபிக்கு ஏற்றிவிடலாம். நெக்செரெலினோடு தரப்புகள் சேர்க்கும் மோட்களும் போடுகிறவர்கள் இதைச் செய்யாமல் விட்டால், ஆட்டம் வளர வளர சேவ் செய்யும்போது திணறும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் நெக்செரெலினைச் சேர்க்க முடியாது. சேர்த்த ஆட்டத்திலிருந்து எடுக்கவும் முடியாது. புதிய ஆட்டம் தொடங்கத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் நின்று தொடங்குவது

புதிய ஆட்டத்தில் முதல் கேள்வி, ஆட்டம் நடக்கும் விண்வெளிப் பகுதி வழக்கமான பெர்சியன் செக்டாரா, கலைத்துப்போட்ட செக்டாரா என்பது. முதல் ஆட்டத்துக்கு வழக்கமானதையே எடுங்கள். யார் யாருக்கு ஏன் ஆகாது என்பது அந்த வரைபடத்தில்தான் புரியும். கலேஷியா அகாடமியில் தொடங்கும் கதைப் பணிகளும் அதில்தான் உண்டு. நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த வரைபடத்தில் குமரிக்கண்டம் என்றே ஒரு விண்மீன் தொகுதி உண்டு. அதில் குமரி ஆறும் ஒளிநாடும் கோள்கள். லுட்டிக் பாத் தீவிரவாதிகளின் கால்செடானும் அங்கேதான் சுற்றுகிறது. முதல் முறை அந்தப் பெயர்களைத் திரையில் பார்த்தபோது கப்பலை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கேள்வி, யாருடைய ஆளாகத் தொடங்குவது. ஒரு தரப்பின் கமிஷனோடு (சம்பளம் வாங்கிக்கொண்டு அதன் ஆளாக இருக்கும் ஒப்பந்தம்) தொடங்கலாம், கடன்பட்ட தனியாளாகத் தொடங்கலாம், சொந்தத் தரப்போடும் தொடங்கலாம். சொந்தக் கொடி என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் முதல் ஆட்டத்தில் பெரிய தரப்பு ஒன்றின் கமிஷனோடு தொடங்குவதே நல்லது என்பேன். மாதச் சம்பளம் வரும், ராணுவச் சந்தை திறக்கும். அதைவிட முக்கியமானது, போர் எப்படி நடக்கிறது என்பதை உங்கள் கோள் பறிபோகாமலே கற்றுக்கொள்ளலாம்.

எந்தத் தரப்பு? ஹெஜமனி பெரியது, படைபலம் உள்ளது. ஆனால் ஏஐ கோர் எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு எதிரி. பிற்பாடு உங்கள் குடியேற்றங்களில் அவற்றை வைக்க நினைத்தால் அவர்களோடு முட்டிக்கொள்வீர்கள். ட்ரை-டேக்கியான் நேர் எதிர். அவர்களிடம் பணமும் உயர்தொழில்நுட்பக் கப்பல்களும் உண்டு, எதிரிகளும் அதிகம். பெர்சியன் லீக், ஹெஜமனிக்கு எதிராகச் சேர்ந்த கோள்களின் கூட்டு. கற்றுக்கொள்ள லீக்தான் என் தேர்வு. அதன் கோள்கள் பரவிக் கிடப்பதால் போரின் எல்லா வகைகளையும் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: முதல் ஒரு வருடம் படையெடுக்காதீர்கள்

ஆட்டம் 206-ஆம் சுழற்சியில் (ஆட்டத்தில் ஆண்டுக்குப் பெயர் சுழற்சி) தொடங்குகிறது. 207 வரை எந்தக் கோளையும் பிடிக்கப் போகாதீர்கள். பவுன்டி (தலைக்கு விலை வைத்த எதிரிப்படை) வேட்டையாடி, சரக்கு ஏற்றி, கப்பல்களைச் சேருங்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்திகள் வந்துசேரும் இன்டெல் திரையைத் திறந்து உலகத்தைப் பாருங்கள். யார் போரில் இருக்கிறார்கள், எந்தப் படையெடுப்பு தோற்றது, எந்தக் கோள் கைமாறியது என்று கவனியுங்கள். சில மாதங்களிலேயே ஒரு வடிவம் பிடிபடும். இரண்டு முனையில் சண்டை போடும் தரப்பு எப்போதும் மெலிகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது தரப்பு சரியான நேரத்தில் போர் அறிவிக்கிறது. நாளைக்கு நீங்களும் அந்த மூன்றாவது ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

நான்காம் படி: ராஜதந்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது

உறவு என்பது −100 முதல் 100 வரையிலான ஓர் எண். −50-ஐத் தொட்டால் பகை. கண்ட இடத்தில் சுடுவார்கள். −25 முதல் −49 வரை வெறுப்பு உண்டு, சண்டை இல்லை. −9 முதல் 9 வரை நடுநிலை. 50-ஐத் தாண்டினால் நட்பு, 75-ஐத் தாண்டினால் நெருங்கிய ஒத்துழைப்பு. போர்நிறுத்தம் பகை எல்லைக்குச் சற்று மேலே உறவைக் கொண்டுவந்து நிறுத்தும். சமாதான ஒப்பந்தம் அதைவிட நன்றாக ஆற்றும். இந்த வித்தியாசம் முக்கியம். போர்நிறுத்தம் மட்டும் ஆன தரப்போடு ஒரு சின்ன உரசல் வந்தாலே மறுபடி போர் வெடிக்கும்.

அந்த எண் எந்தப் பக்கம் நகரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தரப்பின் சாய்வு. வணிகம், தொழில்நுட்பம், ராணுவம், ராஜதந்திரம், கொள்கை, படிநிலை என ஆறு அச்சுகள் உண்டு. ஒத்த சாய்வுள்ளவர்கள் நெருங்குவார்கள், கூட்டணிகளும் அந்த வழியில்தான் பிறக்கும். இரண்டாவது, குணங்கள். ஒரு தரப்பு சந்தேகப் பிராணி, இன்னொன்று சமாதானப் பிரியர், ஒன்றுக்கு இழந்த நிலத்தை மீட்கும் வெறி, ஒன்றுக்குச் செயற்கை நுண்ணறிவு என்றாலே ஆகாது. இன்டெல் திரையில் ஒவ்வொரு தரப்புக்கும் உள்ள ராஜதந்திரக் குறிப்பில் இவையெல்லாம் எழுதியிருக்கும். பத்து நிமிடம் ஒதுக்கி எல்லாத் தரப்புகளையும் வாசித்துவிடுங்கள். இழந்த நிலத்தை மறக்காத தரப்பிடமிருந்து ஒரு கோளைப் பிடித்தால், சமாதானம் ஆன பிறகும் அவர்கள் உங்களை நிம்மதியாக விடமாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இந்த மோடின் உயிர்நாடி போர்ச்சோர்வு. ஒரு தரப்பு படைகளை இழக்க இழக்க, கோள்கள் தாக்கப்பட, பறிபோக, அதன் சோர்வு ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் அது சமாதானம் தேடும். இதைப் புரிந்துகொண்டால் போர் பற்றிய பார்வையே மாறிவிடும். எதிரியின் எல்லாக் கோள்களையும் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு வேண்டிய ஒன்றைப் பிடித்துவிட்டு, சோர்வு ஏறும்வரை அவர்கள் படைகளைப் பலமுள்ள இடத்தில் நின்று உடையுங்கள். சமாதானம் கேட்டு வருவார்கள். அப்போது ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்றைப் பிடித்துவிடலாம் என்று மறுத்தவர்களில் பலர் பிடித்ததையும் இழந்திருக்கிறார்கள்.

உறவை உயர்த்த மெதுவான, நிச்சயமான வழி ஒன்று உண்டு: போர்க்கைதிகள். சண்டை முடிந்தபின் சில நேரம் எதிரியின் அதிகாரிகள் உங்கள் கையில் சிக்குவார்கள். பிணைத்தொகை வாங்கிக்கொண்டு விடலாம், எதுவும் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், அடிமை வியாபாரியிடமும் விற்கலாம். பணத்தட்டுப்பாடு இல்லாதபோது திருப்பி அனுப்புங்கள், உறவு ஏறும். விற்பதில் கிடைக்கும் காசு கண்ணைப் பறிக்கும், ஆனால் செக்டார் முழுக்கப் பெயர் கெடும்.

ஐந்தாம் படி: ஒற்றர்கள்

மதுக்கடைகளில் தேடினால் ஒற்றர்கள் கிடைப்பார்கள். மாதச் சம்பளம் கேட்பார்கள், வேலை செய்யச் செய்ய நிலை உயரும். சிலர் பேச்சில் வல்லவர்கள், சிலர் நாசவேலையில். உறவை உயர்த்துவது, இரண்டு தரப்புகளுக்கிடையே உறவைக் கெடுப்பது, ஒரு கோளின் ஸ்திரத்தன்மையைக் குலைப்பது, தொழிற்சாலையை முடக்குவது, கலகம் மூட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. பிடிபடும் ஆபத்து எப்போதும் உண்டு. பிடிபட்டால் உறவும் சேர்ந்து விழும்.

என் பழக்கம் இது. பேச்சுக்காரர் ஒருவரை, நான் சண்டை போட விரும்பாத பெரிய தரப்பின் தலைநகரிலேயே நிரந்தரமாக உட்காரவைத்துவிடுவேன். ஹெஜமனி என்றால் சிகோமொஸ்டாக். அவர் மாதாமாதம் உறவைத் தள்ளித் தள்ளி ஏற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சம்பளம் ஒரு க்ரூஸரின் பராமரிப்பைவிட மலிவு. ஆனால் அது தடுப்பது ஒரு முழுப் போரை. நாசகாரர் ஒருவரைப் படையெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே இலக்குக் கோளுக்கு அனுப்பிவைப்பேன்.

ஆறாம் படி: படையெடுப்பு

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது செல்வத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். உங்கள் கோள்களுக்குப் பக்கத்தில், எதிரியின் பெரிய ராணுவத் தளத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தயாரிப்பில் நான்கு விஷயங்கள் வேண்டும். விண்நிலையத்தை உடைக்கும் அளவு கப்பல்கள். மரைன்கள் (தரையில் இறங்கிப் போரிடும் வீரர்கள்), கூடவே கனரக ஆயுதங்கள். அவர்களை ஏற்ற வால்கிரி போன்ற படைக்கப்பல்கள் (அவற்றில் உள்ள தரைத்தாக்குதல் வசதி தரைப்படைக்குப் பலம் சேர்க்கும்). நினைத்ததைவிட இரண்டு மடங்கு சப்ளையும் எரிபொருளும். கடைசியில் சொன்னதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

நான் முதன்முதலில் குறிவைத்த கோள் வோல்டர்ன். அஸ்கோனியா தொகுதியில் உள்ள நீர்க்கோள். அதன் கடல் இறால்களுக்குச் செக்டார் முழுக்கப் பெயர். பக்கத்திலேயே சிந்த்ரியா இருக்கிறது, டிக்டாட்டின் தலைநகர், அதன் ஆட்சியாளர் பிலிப் அந்த்ராடாவின் கோட்டை. தூரத்தைப் பாருங்கள் என்று இன்று சொல்கிற நான், அன்று இறாலைத்தான் பார்த்தேன்.

காவல்படையை வென்று தரைப்போர்த் திரை திறந்ததும், கோளின் தொழில்கள் ஒவ்வொன்றும் ஒரு போர்க்களமாகப் பட்டியலில் விரிந்தன. விண்துறைமுகம், மீன்வளம், தரைப் பாதுகாப்பு, ஒவ்வொன்றிலும் எதிரியின் பிரிவுகள். நான் எல்லா மரைன்களையும் ஒரே நேரத்தில் எல்லாத் தொழில்களிலும் பரவலாக இறக்கினேன். தரைப் பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது இறங்கும் ஒவ்வொரு பிரிவும் இறங்கும்போதே அடிவாங்கும் என்பது எனக்குத் தெரியாது. முதல் சுற்றிலேயே பாதிப் பிரிவுகளின் மன உறுதி மஞ்சளுக்கு வந்தது. மூன்றாவது சுற்றில் இரண்டு பிரிவுகள் சிதறின. இறக்குவதற்கே சப்ளை செலவாகும் என்பதால் மறுபடி இறக்கக் கையில் எதுவும் இல்லை. சிந்த்ரியாவிலிருந்து உதவிப்படை புறப்பட்ட செய்தி வந்தபோது மிச்சமிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது முறை போனபோது செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசை எந்தக் கோளுக்கும் பொருந்தும்.

1. முன்கூட்டியே போன நாசகாரர் ஸ்திரத்தன்மையைக் குலைத்திருந்தார்.
2. இறங்குவதற்கு முன் குறிவைத்த குண்டுவீச்சு நடத்தினேன். எரிபொருள் நிறைய போகும். ஆனால் ராணுவக் கட்டமைப்புகளும் தரைப் பாதுகாப்பும் முடங்கும். கோள் முழுவதையும் எரிக்கும் குண்டுவீச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மக்கள்தொகையையே குறைத்து, போரில் இல்லாத தரப்புகளையும் பகைக்க வைக்கும்.
3. எல்லாப் பிரிவுகளையும் தரைப் பாதுகாப்பின் மேல் மட்டும் இறக்கினேன். அது விழுந்ததும் அடுத்தடுத்த இறக்கங்களில் இழப்பு குறைந்தது.
4. ஒரு சுற்றுக்கு இத்தனை பிரிவுகளைத்தான் நகர்த்த முடியும் என்ற வரம்பு உண்டு. அதனால் அடிபட்ட பிரிவைப் பின்வாங்கி ஓய்வெடுக்க விட்டு, புதிய பிரிவை அதன் இடத்துக்கு அனுப்பும் சுழற்சியை முதல் நாளிலிருந்தே தொடங்கினேன்.
5. கனரகப் பிரிவுகளைத் தாக்குதலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். திறந்த நிலத்தில் அவற்றின் அடி பலமானது. விண்நிலையத்தைப் பிடிக்கும்போது அவற்றின் பலம் குறையும், அங்கே மரைன்கள்தான்.
6. போர் முடியும்வரை என் கப்பல்கள் கோளின் அருகிலேயே நின்றன.

ஆறு நாளில் வோல்டர்ன் விழுந்தது. இரண்டு மாதத்தில் அதை இழந்தேன். காரணம் அடுத்த படியில்.

கமிஷனோடு இருக்கும்போது பிடித்த கோள் உங்கள் தரப்புக்குத்தான் போகும். விலை கொடுத்து அதன் ஆளுநராகலாம். தனித்து இருந்தால் நேராக உங்கள் கொடி ஏறும்.

ஏழாம் படி: பிடித்ததைத் தக்கவைப்பது

புதிதாகப் பிடித்த கோளில் ஸ்திரத்தன்மை தரையில் கிடக்கும். மக்கள் பழைய ஆட்சியை மறந்திருக்கமாட்டார்கள். அந்த நிலையில் கலகம் கிளம்புவது வெகு சுலபம். வோல்டர்னில் அதுதான் நடந்தது. நான் அடுத்த கோளைத் தேடிப் போயிருந்தேன். கலகக்காரர்கள் பலம் கூடி வருவதை இன்டெல் திரை சொல்லிக்கொண்டே இருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிடித்தவுடன் முதல் மாதம் அங்கிருந்து நகராதீர்கள். சப்ளையும் ஆயுதங்களும் இறக்கி அரசுப் பக்கத்தைப் பலப்படுத்துங்கள். தரைப் பாதுகாப்பை உடனே சீரமையுங்கள், பிறகு ரோந்துத் தலைமையகம், பிறகு விண்நிலையம். லாபம் தரும் தொழில்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே ஆள் நேரடியாக ஆளக்கூடிய குடியேற்றங்களுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் எல்லா இடத்திலும் ஸ்திரத்தன்மை சரியும். நிர்வாகி ஒருவரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ளுங்கள்.

கையில் பணம் சேர்ந்ததும் சிறப்புப் படைப்பிரிவு ஒன்றை அமைத்து, அந்தத் தொகுதியைக் காக்கும் கட்டளையைக் கொடுத்துவிடலாம். நீங்கள் வெளியே போனாலும் அவர்கள் அங்கே நிற்பார்கள். எனக்கு நிம்மதியான தூக்கம் தந்தது இந்த ஒரு வசதிதான்.

எட்டாம் படி: போரை முடிப்பது

உங்கள் கோள்களின் வருமானம் அவை எவ்வளவு எளிதாக அணுகத்தக்கவை என்பதைப் பொறுத்தது. பகைத் தரப்பு ஒவ்வொன்றும் அந்த அணுகலைக் குறைக்கும். ஐந்து பேரோடு போரில் இருக்கும் பேரரசைவிட, எல்லோரோடும் வியாபாரம் செய்யும் மூன்று கோள் கொண்ட சிறு அரசு அதிகம் சம்பாதிப்பதை நானே கண்டிருக்கிறேன். அதனால் போரில் இறங்கும் முன்பே, எந்தக் கோள் கிடைத்தால் நிறுத்துவேன் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

போர்நிறுத்தக் கோரிக்கை வந்தால் இன்டெல் திரையில் ஏற்கவா மறுக்கவா என்று கேட்கும். நீங்களே முன்வந்தும் கேட்கலாம். ஏற்றபின் உடனே அந்தத் தரப்பிடம் பேச்சுக்கார ஒற்றரை அனுப்புங்கள். −49-இல் நிற்கும் உறவை நடுநிலைக்கு ஏற்றினால்தான் அது சமாதானம். பிடித்து வைத்திருக்கும் கைதிகள் இருந்தால் இந்த வாரத்தில்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

கூட்டணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டணியில் சேர்ந்தால் போர், சமாதானம் இரண்டும் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். பலம் கூடும், ஆனால் உங்களுக்குத் தேவையில்லாத போரில் இழுக்கப்படுவீர்கள். நான் சேரும்போது ஒன்றை மட்டும் பார்ப்பேன்: அந்தக் கூட்டணியின் எதிரி என் வீட்டு வாசலில் இருக்கிறாரா, செக்டாரின் மறுகோடியில் இருக்கிறாரா. வாசலில் இருந்தால் சேர மாட்டேன்.

வோல்டர்னுக்கு மூன்றாவது முறையும் போனேன். டிக்டாட் அப்போது ஹெஜமனியோடு போரில் சோர்ந்துபோயிருந்தது. பிடித்தேன், இரண்டு மாதம் அங்கேயே நின்றேன், சமாதானக் கோரிக்கை வந்த அன்றே ஏற்றேன். அந்த ஆட்டத்தில் இன்றும் வோல்டர்ன் என் கொடியின் கீழ்தான் இருக்கிறது. அதன் இறால்களைச் சிந்த்ரியாவே என்னிடம் வாங்குகிறது.